பழைய பிக்கப் எஞ்சினுக்கு டர்போ: உள்ளே என்ன நடக்கிறது?

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் டர்போவில் வந்து நிற்கும். "ஒரு டர்போ மாட்டினால் போதும், வண்டி பறக்கும்" என்பார் ஒருவர். "மாட்டிய ஆறே மாதத்தில் எஞ்சின் படுத்துவிடும்" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஏன் பறக்கும், ஏன் படுக்கும் என்பதை இருவருமே சொல்வதில்லை. முறையாகப் பொருத்திய டர்போவோடு லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பழைய எஞ்சின்கள் இருக்கின்றன. ஒரே மலையேற்றத்தில் பிஸ்டன் உருகிப்போன எஞ்சின்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் இருப்பது அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது அதிர்ஷ்டமல்ல, காற்று, எரிபொருள், சூடு ஆகிய மூன்றின் கணக்கு. அந்தக் கணக்கைப் புதிதாகக் கேட்பவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

துருத்தியும் கரியும்

கொல்லன் உலையை எடுத்துக்கொள்வோம். கரி கனிந்துகொண்டிருக்கிறது, சூடு போதவில்லை. துருத்தியை அழுத்தினால் காற்று பாய்ந்து கரி வெள்ளையாகக் கனல்கிறது. துருத்தி தன் பங்குக்குச் சூடு எதையும் கொண்டுவரவில்லை. சூடு முழுவதும் கரியில் இருந்தது. காற்று போதாமல் அடங்கிக் கிடந்தது. கரியே இல்லாத உலையில் நாள் முழுக்கத் துருத்தி அழுத்தினாலும் சாம்பல்தான் பறக்கும். கரியை அள்ளிப் போட்டு வேகமாக அழுத்தினாலோ, கவனம் தப்பினால் உலையில் வைத்த இரும்பே உருகிக் கெட்டுவிடும்.

டர்போசார்ஜர் என்பது எஞ்சினுக்கு வைத்த துருத்தி. அது தருவது காற்று மட்டும். சக்தி எரிபொருளிலிருந்துதான் வர வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

எஞ்சினுக்குள் போவது பெரும்பாலும் காற்றுதான்

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் பதினான்கு மடங்குக்கும் மேல் என்றால், கன அளவில் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். 2.5 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். ஆகவே கணக்குப்படி நிமிடத்துக்கு 2500 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். உண்மையில் அவ்வளவு போகாது. ஏர் ஃபில்டர், வளைந்த குழாய்கள், குறுகலான வால்வு வழி எல்லாம் தடுப்பதால் 2000 லிட்டரைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. அத்தனை காற்றில் எரிக்க முடிகிற பெட்ரோல் ஒரு டம்ளர் அளவுதான்.

எஞ்சினின் சக்திக்கு எல்லை கட்டுவது எரிபொருள் என்று பலர் நினைக்கிறார்கள். எரிபொருளைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. ஒரு திருகைத் திருப்பினால் போதும். அதை எரிக்கக் காற்றைச் சேர்ப்பதுதான் கடினம். டர்போ இல்லாத எஞ்சினில் காற்று தானாக உள்ளே வருவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பார் என்பது அழுத்தத்தின் அளவு. வளிமண்டலம் தள்ளுவதற்கு மேல் ஒரு துளிக் காற்றும் உள்ளே போகாது. மலைமேல் ஏறினால் அதுவும் குறையும். 3000 மீட்டர் உயரத்தில் 0.7 பார்தான் இருக்கும். மலையில் வண்டி திணறுவது அதனால்தான்.

டர்போ முதலில் பேர் வாங்கியதும் இந்த உயரப் பிரச்சினையில்தான். புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அழுத்தலாம் என்ற யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினில் டர்போ பொருத்தி, அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு அதைக் கொண்டுபோனார். உயரம் ஏறக்குறைய 4300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம் போல. கடல்மட்டத்தில் தந்த சக்தியை அந்த எஞ்சின் அங்கேயும் தந்தது. இழந்த காற்றை டர்போ திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

டர்போவைப் பிரித்துப் பார்த்தால்

டர்போவில் சுழலும் பாகம் ஒன்றுதான். ஒரு சிறிய தண்டு; அதன் இரு முனைகளிலும் இதழ் இதழாக வெட்டிய ஒவ்வொரு சக்கரம். ஒரு முனைச் சக்கரத்தின் பெயர் டர்பைன். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை இதன்மீது பாய்ந்து இதைச் சுழற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் கம்ப்ரஸர். ஒரே தண்டில் இருப்பதால் அதுவும் கூடவே சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இப்படிச் சேர்கிற கூடுதல் அழுத்தத்துக்குப் பூஸ்ட் என்று பெயர்.

இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளை எளிதாகத் தாண்டும். அந்த வேகத்தில் அதைத் தாங்குவது உலோகம்கூட அல்ல, எண்ணெய். தண்டைச் சுற்றியிருக்கும் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் இடையில் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளி இருக்கிறது. அதில் அழுத்தத்தோடு வரும் எஞ்சின் ஆயில் மெல்லிய படலமாக நின்று தண்டை மிதக்க வைக்கிறது. ஆயில் சில நொடிகள் நின்றுபோனால் உலோகம் உலோகத்தில் உரசும். அதன் பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

"வீணாகப் போகும் புகையில் ஓடுகிறது, ஆகவே இலவசம்" என்றும் சொல்வார்கள். எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது என்பது உண்மைதான். அதில் ஒரு பகுதியைத்தான் டர்பைன் பிடிக்கிறது. ஆனால் புகையின் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தால் புகை வெளியேறச் சிரமப்படும். பிஸ்டன் அதை இன்னும் பலமாகத் தள்ள வேண்டியிருக்கும். முற்றிலும் இலவசம் அல்ல, மிக மலிவு என்று சொல்லலாம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: எஞ்சினின் வேகம் கூடினால் பூஸ்ட் கூடும் என்பது. நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் அலறும், பூஸ்ட் மீட்டரின் முள் பெரும்பாலும் அசையாது. டர்பைனைச் சுழற்றப் புகையில் சூடும் அளவும் வேண்டும். சுமை இருந்தால்தான் எரிபொருள் நிறைய எரியும். அப்போதுதான் அவை இரண்டும் வரும். சுமையோடு மேடேறும்போது டர்போ முழு மூச்சாக வேலை செய்வதும், பழைய எஞ்சின்கள் போவதும் அந்த இடத்தில்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: புகை டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைன் கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது, கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் திணிக்கிறது. கூடுதல் காற்று வந்ததால் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது.

அழுத்தினால் காற்று சுடும்

அரை பார் பூஸ்ட் கொடுத்தால் காற்று ஒன்றரை மடங்கு ஆகும், ஆகவே சக்தியும் ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வெளிக்காற்று 25 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அரை பார் பூஸ்ட்டில் காற்று 77 டிகிரி அளவுக்குச் சூடாகிவிடும். சூடான காற்று விரியும். அதனால் 50 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்க வேண்டிய இடத்தில் 28 சதவீதம்தான் கிடைக்கிறது.

அந்த நஷ்டத்தை மீட்பது இன்டர்கூலர். ரேடியேட்டரைப் போன்ற ஒரு பெட்டி. உள்ளே அழுத்திய காற்று போகும், வெளியே குளிர்ந்த காற்று அடிக்கும். 77 டிகிரியை 42 டிகிரிக்கு இறக்கிவிட்டால் கூடுதல் காற்று 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். காற்றின் அளவைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு: உள்ளே போகும் காற்று குளிர்ந்தால் எரியும்போது எழும் உச்ச வெப்பமும் குறையும். செலவைக் குறைக்க இன்டர்கூலரைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு என் கருத்து: கொஞ்சம் சிறிய டர்போ வாங்குங்கள், மிச்சத்தில் இன்டர்கூலர் வையுங்கள்.

டீசலும் பெட்ரோலும் ஒன்றல்ல

கேள்விப்பட்டதை வைத்துக் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான் அதிகம். டீசல் வண்டிக்காரரின் அனுபவத்தைக் கேட்டுப் பெட்ரோல் எஞ்சினைக் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அதன் சக்தியைக் கூட்டிக் குறைப்பது நாசில் வழியாகத் தெளிக்கும் டீசலின் அளவு. இதில் டர்போவை மட்டும் பொருத்தி, டீசல் பம்ப்பைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? கரும்புகை குறையும், புகையின் சூடு இறங்கும், மலையில் திணறல் தணியும். சக்தி ஓரளவுதான் கூடும். "டர்போ போட்டும் பெரிய வித்தியாசம் இல்லையே" என்று அலுத்துக்கொள்கிறவரின் வண்டியில் பெரும்பாலும் பம்ப் அப்படியே இருக்கும்.

அடுத்த வேலை பம்ப்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவது. டர்போவோடு வந்த பழைய எஞ்சின்களின் பம்ப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பம்ப்பின் தலையில் ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். அதற்குப் பூஸ்ட் குழாய் இணைந்திருக்கும். பூஸ்ட் ஏற ஏறச் சவ்வு கீழே அழுந்தி டீசலைக் கூட்டும். பூஸ்ட் இல்லாதபோது டீசலைக் கட்டுப்படுத்தும். காற்று வந்த பிறகுதான் எரிபொருள் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினின் பம்ப்பில் பொதுவாக இந்தச் சவ்வு இருக்காது. அதில் திருகை மட்டும் திருப்பினால், டர்போ வேகம் பிடிப்பதற்கு முன்பே டீசல் வழிந்து கரும்புகை கக்கும். கரும்புகை வேகத்தின் அடையாளமல்ல. எரியாத டீசல், ஏறுகிற சூடு, கெடுகிற காற்று என்பதைத்தான் அது சொல்கிறது.

பெட்ரோல் எஞ்சினின் கதை வேறு. அதில் காற்றும் பெட்ரோலும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தே ஆக வேண்டும். காற்றைக் கூட்டிவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால் கலவை மெலிந்து, சுமையின் கீழ் சூடு தாறுமாறாக ஏறும். அதோடு நாக்கிங் வரும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வந்து சேர்வதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பதற்குத்தான் நாக்கிங் என்று பெயர். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். தொடர்ந்தால் பிஸ்டனின் ஓரம் உடைந்துபோகும். கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு அழுத்திய காற்றில் எரிபொருளை அளந்து கொடுப்பது பெரும்பாடு. அதற்கு மின்னணு எரிபொருள் தெளிப்பும், பூஸ்ட்டைப் பார்த்துப் பற்றவைக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தும் அமைப்பும் சேர்த்தே பொருத்துவது நல்லது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், பல பழைய பெட்ரோல் பிக்கப்புகளுக்கு வேறு எஞ்சின் மாற்றுவதே மேல் என்பது என் எண்ணம்.

சுருங்கச் சொன்னால், டீசலில் காற்று மட்டும் கூடினால் எஞ்சின் குளிரும். எரிபொருள் அளவுக்கு மீறும்போது சுடும். பெட்ரோலில் காற்று மட்டும் கூடினாலே ஆபத்து தொடங்கிவிடும்.

பழைய எஞ்சினின் பலவீனம் எங்கே?

பிஸ்டன் அடியிலிருந்து மேல்முனைக்கு வந்து சேரும்போது சிலிண்டரில் உள்ள காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின்களில், காற்றைச் சூடாக்கி டீசலைப் பற்றவைப்பதற்காக இந்த விகிதத்தை உயர்வாக வைத்திருப்பார்கள். டர்போ எஞ்சினில் காற்று ஏற்கெனவே அழுந்தி வருவதால் குறைத்துவிடுவார்கள். டொயோட்டாவின் இரண்டு எஞ்சின்களை அருகருகே வைத்துப் பாருங்கள். லேண்ட் குரூசர் பிக்கப்பில் வந்த 1எச்இசட் எஞ்சினுக்கு டர்போ கிடையாது. அமுக்க விகிதம் 22.4. அதே 4.2 லிட்டர் அளவில் டர்போவோடு வந்த 1எச்டி-டி எஞ்சினின் விகிதம் 18.6. அது மட்டுமல்ல, முதலாவதில் டீசல் ஒரு சிறு முன்னறையில் தெளிக்கப்படுகிறது. இரண்டாவதில் நேராகப் பிஸ்டனின் தலைமேல். டர்போ வைப்பது என்று முடிவெடுத்தபோது அந்த நிறுவனம் எஞ்சினின் உள்ளமைப்பையே மாற்றியிருக்கிறது. நாம் வெளியே ஒரு டர்போவை மாட்டும்போது உள்ளே எதுவும் மாறுவதில்லை. ஆகவே ஆலையில் டர்போவோடு பிறந்த எஞ்சினின் பூஸ்ட்டை இதில் எதிர்பார்க்கக் கூடாது. அரை பார் அளவோடு நின்றுகொள்வது விவேகம்.

இனி சூடு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அந்தக் கலவை 600 டிகிரிக்குச் சற்று முன்பே உருகத் தொடங்கிவிடும். எரியும் வாயுவின் சூடோ அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பிறகு ஏன் உருகுவதில்லை? ஒவ்வொரு முறையும் அந்தச் சூடு ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே நீடிக்கிறது. வாங்கிய சூட்டைப் பிஸ்டன் தன் வளையங்கள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அடியில் தெறிக்கும் ஆயிலுக்கும் உடனே கடத்திவிடுகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை பிஸ்டன் பிழைக்கும். டர்போ எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடிப்புறத்தில் ஆயிலைப் பீய்ச்சும் சிறு குழாய்கள் வைத்திருப்பது செலவுப் பக்கத்தைக் கூட்டத்தான். பழைய எஞ்சின்கள் பலவற்றில் அது இல்லை. முந்திச் செல்லப் பத்து நொடி அழுத்தி மிதிப்பதால் ஒன்றும் ஆகாது. பாரத்தோடு பத்து நிமிடம் மேடேறுவது வேறு.

ஆகவே டர்போவோடு சேர்த்துக் கட்டாயம் வைக்க வேண்டியது புகையின் சூட்டை அளக்கும் மீட்டர். அதன் முனையை டர்பைனுக்கு முன்னால், சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு குழாயில் துளையிட்டு வைக்க வேண்டும். துளையிடும்போது இரும்புத்தூள் டர்பைனுக்குள் போய்விடும் என்று பயந்து சிலர் டர்போவுக்குப் பின்னால் வைக்கிறார்கள். அங்கே சுமையின்போது நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும்; ஆபத்து வரும் நேரத்தில் பொய் சொல்லும் மீட்டரால் பயனில்லை. மேனிஃபோல்டைக் கழற்றித் துளையிட்டால் தூள் பிரச்சினையே இல்லை. பழைய டீசல் எஞ்சின் தொடர்ந்து ஓடும்போது டர்பைனுக்கு முன்னால் 680 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான வழக்கம். முள் அதை நெருங்கினால் காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கியர் குறைக்க வேண்டும். எரியும் டீசல் குறையும், சுற்று ஏறிக் காற்று கூடும். சூடு சில நொடிகளிலேயே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எந்த அளவு டர்போ?

பெரியதாக வாங்கினால் பெரிய பலன் என்ற ஆசை பிக்கப்புக்கு ஒத்துவராது. பெரிய சக்கரத்தைச் சுழற்ற நிறையப் புகை வேண்டும். அது எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் வரும். அதுவரை மிதித்தாலும் வண்டி காத்திருக்க வைக்கும். பாரம் இழுக்கும் வண்டிக்கு 1500 முதல் 2500 சுற்றுக்குள் இழுவை வேண்டும். அந்த வேகத்திலேயே பூஸ்ட் தரும் சிறிய டர்போதான் பொருத்தம். சிறிய டர்போ மேல் வேகத்தில் அளவுக்கு மீறி ஊதாமல் இருக்க வேஸ்ட்கேட் என்ற கதவு உண்டு. வைத்த அளவுக்குப் பூஸ்ட் வந்ததும் அது திறந்து, புகையில் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றிக்கொண்டு வெளியே போகவிடும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய டர்போ கிடைத்தால் முதலில் தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இதழ்கள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ வாங்க வேண்டாம்.

பொருத்தும்போது கவனம் வேண்டிய இடங்கள்

டர்போ வாங்குவதற்கு முன் எஞ்சினின் சிலிண்டர் அழுத்தத்தைச் சோதித்துவிடுங்கள். தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ மருந்தாகாது. அதன் முடிவைத்தான் விரைவுபடுத்தும். ரேடியேட்டர் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும், சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் இடையில் அடைக்கும் ஹெட் கேஸ்கட் நல்ல நிலையில் இருக்க வேண்டும். கிளட்ச் பழையதென்றால் கூடிய முறுக்குவிசையில் வழுக்கத் தொடங்கும். அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். எஞ்சினை மாற்றியமைத்தால் பதிவு, புகைச் சோதனை, காப்பீடு ஆகியவற்றுக்கு என்ன விதி என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பொருத்தும் வேலையில் அதிகம் தவறு நடக்கும் இடம் ஆயில் திரும்பிவரும் குழாய். டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு மெல்லிய குழாய் வழியாகப் போகிறது. திரும்பும்போது அதற்கு அழுத்தமே கிடையாது; நுரைத்துப்போன ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே வழிய வேண்டும். ஆகவே திரும்பும் குழாய் தடிமனாக, எங்கும் தொய்ந்து மேலேறாமல், நேராகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். எஞ்சினின் அடித்தொட்டியில் ஆயில் நிற்கும் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இதில் எது தவறினாலும் ஆயில் டர்போவுக்குள் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, நீலப் புகையாக வெளியே வரும். டர்போ கெட்டுவிட்டது என்று புதியது வாங்கி மாட்டுவார்கள். அதுவும் நீலப் புகை விடும். குழாயைச் சரிசெய்தால் பழைய டர்போவே நன்றாக ஓடியிருக்கும். தேய்ந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுவும் அடித்தொட்டியில் அழுத்தத்தை ஏற்றி, இறங்கி வரும் ஆயிலைத் தடுக்கும். சிலிண்டர் அழுத்தச் சோதனையை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் சாவியைத் திருப்பும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். பிறகு டீசல் செல்லாமல் தடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட்டு, திரும்பும் குழாயில் ஆயில் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். வழிந்தால் குழாயை இணைத்து எஞ்சினை ஓட விடலாம். முதல் சில நிமிடம் மிதிக்காமல் ஐடிலில் விட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பாரம் ஏற்றாமல் சமதளச் சாலையில் போய், பூஸ்ட் மீட்டரும் புகையின் சூட்டை அளக்கும் மீட்டரும் என்ன காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். சூடேறிய டர்பைனுக்கு அருகில் ஆயில் அசையாமல் நின்றால் கருகிக் கரியாகப் படியும். ஓடிக்கொண்டிருக்கும் ஆயில் அந்தச் சூட்டை வெளியே எடுத்துப் போய்விடும். ஆயில் மாற்றும் இடைவெளியையும் இனிமேல் முன்பைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள்.